மூச்சைக் கவனித்தால் மூச்சு முட்டுகிறது

கேள்வி: எனக்கு வயது 38. கணக்குத் துறையில் வேலை. பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் ஒன்றரை வருடமாக மனநல மருத்துவர் எழுதித் தந்த மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். அலுவலகத்தில் மைண்ட்ஃபுல்னெஸ் (விழிப்போடு கவனிக்கும் பயிற்சி) வகுப்பு ஒன்று நடத்தினார்கள். அதன்பிறகு ஒரு செயலியை வைத்துக்கொண்டு தினமும் 20 நிமிடம் தியானத்தில் உட்காருகிறேன். ஏழு மாதமாகிறது, ஒரு நாளும் விட்டதில்லை. ஆனால் மனம் ஒரு நாளும் அடங்கியதுமில்லை. மூச்சைக் கவனிக்கத் தொடங்கியதும் நெஞ்சு இறுகுகிறது, காற்று போதாததுபோல் இருக்கிறது, சில நாள் விரல்கள் மரத்துப்போகின்றன. மாலையில் உட்கார்ந்தாலோ தூங்கி விழுகிறேன். வகுப்பெடுத்தவர், "இது முழுக்க அறிவியல், பௌத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை" என்றார். பத்து நாள் விபாசனா என்ற பௌத்த மௌனத் தியான முகாமுக்குப் போய்வந்த என் தங்கை, "சாரத்தை விட்டுவிட்டுச் சக்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய், அதனால்தான் உனக்குப் பலிக்கவில்லை" என்கிறாள். அடுத்த மாதம் தன்னோடு முகாமுக்கு வரச் சொல்கிறாள். முடித்துவிட்டு வந்தால் மாத்திரையே தேவைப்படாதாம். எனக்கு எந்த மதத்திலும் நம்பிக்கை இல்லை. நம்பிக்கையில்லாமல் இதைச் செய்வது தவறா? முகாமுக்குப் போகலாமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். மற்றவற்றைப் பற்றி நிதானமாக யோசிக்க நேரம் இருக்கிறது, இதற்கு இல்லை. முகாமுக்குப் போவதற்காகவோ, போய்வந்த தெம்பிலோ, மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் மாத்திரைகள் பலவற்றைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, தலைக்குள் மின்சாரம் சுண்டியதுபோன்ற உணர்வு எல்லாம் வரலாம். பழைய நோய் திரும்பிவிட்டது என்று எண்ணி அப்போது கலங்கிப்போகிறவர்கள் நிறையப் பேர். குறைப்பதானால் எழுதித் தந்த மருத்துவரோடு பேசி, அவர் சொல்லும் வேகத்தில் குறையுங்கள். நெஞ்சு இறுக்கத்தையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். தியானத்தின்போது வருவதாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன். ஆனால் படியேறும்போதோ வேகமாக நடக்கும்போதோ ஒருமுறையாவது அந்த இறுக்கம் வந்திருந்தால், இந்தப் பதிலை மடித்து வைத்துவிட்டு முதலில் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இனி மூச்சு.

மூச்சு தானாகவும் நடக்கும், வேண்டுமானால் நாமும் அதை நடத்தலாம். செரிமானத்தை அப்படிக் கையில் எடுக்க முடியாது. எப்போதும் கூடவே இருப்பதும் எளிதில் உணரக்கூடியதுமான இந்த மூச்சுதான் தியானத்துக்குத் தோதான பொருளாக ஆயிற்று. நாமே நடத்தவும் முடியும் என்பதுதான் உங்களைப்போல் பதற்றம் உள்ளவர்களுக்கு வினையாகிறது. கவனம் மூச்சின்மேல் விழுந்த மறுகணமே, உங்களை அறியாமல் அதைத் திருத்தத் தொடங்கிவிடுகிறீர்கள். இன்னும் ஆழமாக இழுக்க வேண்டுமோ என்று தோன்றுகிறது, இழுக்கிறீர்கள். உடலுக்குத் தேவையானதைவிட அதிகக் காற்று உள்ளே போய் வெளியே வரும்போது ரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு இறங்குகிறது. அது இறங்கினால் விரல் மரக்கும், தலை லேசாகும், நெஞ்சு இறுகும். விந்தை என்னவென்றால், அதிகமாகக் காற்று வாங்கிய அந்த நேரத்தில்தான் காற்று போதவில்லை என்ற உணர்வும் வரும். போதவில்லையே என்று மேலும் இழுப்பீர்கள். ஏற்கெனவே பதற்றம் பழகிய உடலாயிற்றே, ஏதோ ஆபத்து என்று எடுத்துக்கொண்டுவிடுகிறது. செயலியில் வரும் குரல் அந்த நேரம் பார்த்து, "ஆழமாக மூச்சை இழுத்து விடுங்கள்" என்று சொல்லியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

மூச்சுத் தியானத்துக்கு மூலமாகச் சொல்லப்படும் ஆனாபானசதி சுத்தத்தில் (சுத்தம் என்றால் பாலி மொழியில் புத்தரின் உரை) 16 படிகள் உண்டு. அதன் முதல் இரண்டு படிகளைப் பாருங்கள். நீளமாக மூச்சு வந்தால் நீளம் என்று அறிகிறார், குறுகலாக வந்தால் குறுகல் என்று அறிகிறார். அவ்வளவுதான். குறுகலை நீளமாக்கு என்ற பேச்சு அங்கே இல்லை. அறிவதோடு நிறுத்திக்கொள்வது சொல்வதற்குச் சுலபம், பதற்றக்காரருக்கோ அதுதான் எல்லாவற்றிலும் கடினம். அதனால் உங்களுக்கு என் முதல் யோசனை, சில வாரங்களுக்கு மூச்சை விட்டுவிடுங்கள் என்பதே.

அப்படியானால் தியானத்தையே விட்டுவிடச் சொல்கிறேனா என்று கேட்பீர்கள். மூச்சுதான் தியானம் என்ற எண்ணம் பெரும்பாலும் செயலிகள் பரப்பியது. கவனப் பயிற்சி பற்றிய உரையான சதிபட்டான சுத்தம் கவனத்துக்கு நான்கு களங்களைச் சொல்கிறது: உடல், இன்ப துன்ப நுகர்வு, மனத்தின் நிலை, மனத்தில் தோன்றும் பொருள்கள். உடல் என்ற முதல் களத்திலேயே மூச்சு ஒரு பகுதி மட்டும். அடுத்த பகுதி நடப்பது, நிற்பது, உட்காருவது, படுப்பது. அதற்கும் அடுத்தது கையை மடக்குவது, நீட்டுவது, உடுத்துவது, உண்பது, இயற்கைக் கடன் கழிப்பதுகூட. ஐந்தாம் நூற்றாண்டில் பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் அனுராதபுரத்தில் இருந்து எழுதிய விசுத்திமக்கம் என்ற நூல் தியானப் பொருள்களை 40 என்று எண்ணுகிறது, ஆளின் சுபாவம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எல்லாருக்கும் ஒரே மருந்தை நீட்டும் வழக்கம் பழைய ஆசிரியர்களிடம் இருக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தியது, "மனம் ஒரு நாளும் அடங்கியதில்லை" என்ற வரி. தினமும் அமைதியைத் தேடித்தான் உட்காருகிறீர்கள். உட்கார்ந்த பின் அது வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். தூக்கம் வந்துவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணைத் திறந்து பார்ப்பவருக்கு எப்படித் தூக்கம் வரும்? தூக்கமில்லாமல் தவித்திருக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பதற்றத்தை விரட்டும் ஆயுதமாகத் தியானத்தைப் பிடிக்கும்போது, பதற்றம் விரட்டப்பட வேண்டிய பகை என்று இன்னும் உறுதியாகிறது. ஒவ்வொரு நாளும் 20 நிமிடம் உட்கார்ந்து அந்தப் பகையைத் தேடித் தேடிக் கண்டுபிடிக்கிறீர்கள். புத்தரின் உரைத் தொகுப்புகளில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில் ஒரு சிறிய உரை இருக்கிறது, இரண்டு அம்புகளைப் பற்றி. பயிற்சியில்லாதவனுக்கு உடலில் வலி வந்தால், ஒரு அம்பு தைத்தவனுக்கு இன்னொரு அம்பும் தைத்ததுபோல, மனமும் சேர்ந்து புலம்புகிறது என்கிறது அது. பலரும் மேற்கோள் காட்டுவது இதுவரைதான். அடுத்த வரியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்: வலியிலிருந்து தப்பிக்க இன்பத்தைத் தவிர வேறு வழி அவனுக்குத் தெரியாது, ஆகவே இன்பத்தைத் தேடி ஓடுகிறான். வலித்ததும் கைப்பேசியை எடுப்பது அந்த ஓட்டம்தான். உங்கள் விஷயத்தில் தியானமே அந்த ஓட்டமாக ஆகியிருக்கிறது என்று நினைக்கிறேன். ஓடியும் பலனில்லை என்றதும், "இன்றும் அடங்கவில்லையே, என்னிடம் ஏதோ கோளாறு" என்று இரண்டாம் அம்பை நீங்களே எய்துகொள்கிறீர்கள்.

ஏழு மாதத்தில் ஒரு நாளும் விடவில்லை என்று பெருமையாக எழுதவில்லை நீங்கள், பயந்துபோய் எழுதியிருக்கிறீர்கள் என்று படுகிறது. செயலி காட்டும் அந்தத் தொடர் நாள் கணக்கை அணைத்துவிடுங்கள். அணைக்க வசதி இல்லையென்றால் வேண்டுமென்றே ஒரு நாள் விடுங்கள்.

இப்போது உங்கள் பயிற்சியாளருக்கும் தங்கைக்கும் இடையிலான வழக்கு.

பயிற்சியாளர் சொன்னது வரலாற்றோடு ஒத்துப்போகாது. இன்று மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் மைண்ட்ஃபுல்னெஸ் என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பகுதி, 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய பயிற்சியிலிருந்து கிளைத்தது. அவர் மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர், கொரிய ஜென் ஆசிரியர் ஒருவரிடம் தியானம் பயின்றவர். மருத்துவமனையில் இதைக் கற்றுத் தரலாம் என்ற யோசனை, அதே மாநிலத்தில் பாரி என்ற ஊரில் ஒரு விபாசனா முகாமில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியதாக அவரே எழுதியிருக்கிறார். அவரிடம் வந்தவர்களில் பலர் மருத்துவத்தால் தீராத வலியோடு வந்தவர்கள். மதச் சாயலோ மாயச் சாயலோ தெரிந்தால் அவர்களும் மருத்துவர்களும் விலகிப்போவார்கள் என்று பௌத்தச் சொற்களைத் தெரிந்தேதான் தவிர்த்தார். அந்த பாரி மையத்தை நிறுவியவர்களில் இருவர் புத்தகயாவில் தியான ஆசிரியர்களான முனீந்திரரிடமும் கோயங்காவிடமும் கற்றவர்கள். கோயங்கா யார் என்று உங்கள் தங்கைக்குத் தெரிந்திருக்கும். பத்து நாள் முகாம்களை உலகெங்கும் கொண்டுபோனவர் அவர். ஆக உங்கள் செயலியும் தங்கையின் முகாமும் நெருங்கிய சொந்தக்காரர்கள்.

தங்கை நினைப்பதுபோல் அந்த முகாமும் கலப்பில்லாத பழமை ஆகாது. பர்மாவில் பல நூற்றாண்டுகளாகத் தியானம் முக்கியமாகத் துறவிகளின் காரியம், அவர்களிலும் ஒரு சிலருடையது. இல்லறத்தார் தானம் செய்தார்கள், சீலம் காத்தார்கள், வழிபட்டார்கள். 1885-இல் ஆங்கிலேயர் மன்னரை இறக்கி நாட்டை முழுவதும் பிடித்தபின், அறம் அழிந்துவிடும் என்ற கவலையில் லெடி சயாதோ போன்ற துறவிகள் சாதாரண மக்களுக்கும் தியானம் கற்றுத் தரத் தொடங்கினார்கள். அந்த வழியில் வந்த ஊ பா கின் துறவி அல்லர். விடுதலை பெற்ற பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயர். கணக்குத் துறையில் இருக்கிற உங்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். அவருடைய மாணவர்தான் கோயங்கா. கடுமையான ஒற்றைத் தலைவலிக்குத் தீர்வு தேடிப் போனபோது, தலைவலிக்காக என்றால் சேர்க்க மாட்டேன் என்று ஊ பா கின் முதலில் மறுத்ததாகக் கோயங்காவே பலமுறை சொல்லியிருக்கிறார். தூக்கத்துக்காகவும் பதற்றத்துக்காகவும் தியானத்துக்கு வந்ததை எண்ணி நீங்கள் கூச வேண்டியதில்லை. மனிதர்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு வலியோடுதான் இங்கே வருகிறார்கள்.

நம்பிக்கையைப் பற்றி: மறுபிறப்பை நம்பாமல், புத்தரை வணங்காமல், கால் தரையில் படுவதைக் கவனிக்க முடியும். அதன் பயனும் கிடைக்கும். இதில் தவறு ஏதும் இல்லை. பௌத்தத்தில் இந்தப் பயிற்சியின் இலக்கு துக்கத்திலிருந்து முழு விடுதலை. உங்களுக்கு வேண்டியது இரவில் உறங்குவதும் பகலில் நெஞ்சு படபடக்காமல் இருப்பதும். இலக்கு சிறியது என்பதற்காகப் போலி ஆகிவிடாது. அதைப் பெரிய இலக்கின் பெயரால் விற்றால்தான் போலி.

ஆனாலும் தங்கையின் குறையில் ஒரு நியாயம் இருக்கிறது, அவர் நினைக்கும் இடத்தில் இல்லை என்பதுதான். புத்தர் சொன்ன எண்வழிப் பாதையில் இந்தக் கவனம் ஏழாவது. அதற்கு முன்னால் நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை என்று மூன்று வருகின்றன: பேசுவது, செய்வது, பிழைப்பது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது இந்த மூன்றும் பெரும்பாலும் பின்னுக்குப் போயின. அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது அவற்றைப் பற்றிய பேச்சே காணோம். உங்கள் அலுவலகம் உங்களுக்கு மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு நடத்தியது, சரி. கணக்கு முடிக்கும் காலத்தில் இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறீர்கள் என்று யாராவது கேட்டார்களா? கடிதத்தில் வேலைநேரம் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, அதனாலேயே கேட்கிறேன். ஆள் பற்றாக்குறையால் வரும் பதற்றத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கரைக்க முடியாது. அப்படிக் கரைக்கச் சொல்வது ஊழியரின் மனத்தைக் குற்றவாளியாக்கும் வேலை. உங்கள் பதற்றத்தில் எவ்வளவு உங்களுடையது, எவ்வளவு அந்த மேசையினுடையது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பிந்தையது கணிசமாக இருந்தால் மேலதிகாரியிடம் பேச வேண்டிய ஒரு பேச்சு பாக்கி இருக்கிறது. அதற்குப் பதிலாகத் தியானம் செய்ய முடியாது, அதற்குத் துணையாகச் செய்யலாம்.

அறிவியல் என்று பயிற்சியாளர் சொன்னாரே, அது என்ன சொல்கிறது? 2014-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் உள்மருத்துவ இதழில் 47 ஆய்வுகளை, மொத்தம் 3,515 பேரை, ஒன்றுசேர்த்துப் பார்த்த அலசல் வெளிவந்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் மிதமான பயன் தெரிந்தது. மருந்து, உடற்பயிற்சி போன்ற வேறு சிகிச்சைகளைவிட இது மேல் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. 2022-இல் பதற்ற நோய் உள்ள 276 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கபாட்-ஜின் வழி எட்டு வாரப் பயிற்சி, மறுபாதிக்கு எஸ்சிட்டாலோபிராம் என்ற பதற்ற மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பயன் தந்தன. "மாத்திரையே தேவைப்படாது" என்ற பேச்சுக்கு இந்த ஆய்வைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். கவனியுங்கள், அதில் ஒப்பிட்டது புதிதாகப் பயிற்சி தொடங்கியவர்களையும் புதிதாக மாத்திரை தொடங்கியவர்களையும். ஒன்றரை வருடம் மாத்திரை எடுத்தவர் அதை நிறுத்திவிட்டுத் தியானத்துக்கு மாறினால் என்ன ஆகும் என்பது அதன் கேள்வியே இல்லை.

அந்தக் கேள்விக்கு அருகில் வரும் ஆய்வு 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மனச்சோர்வு திரும்பத் திரும்ப வந்த 424 பேர். ஒரு குழு மாத்திரையைத் தொடர்ந்தது. மற்றக் குழு, தியானத்தையும் அறிவாற்றல் சிகிச்சையையும் இணைத்த எட்டு வாரப் பயிற்சியோடு, மருத்துவர் துணையுடன் மாத்திரையைக் குறைத்தது. இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பியவர்கள் முதல் குழுவில் 47 சதவீதம், இரண்டாவதில் 44. பெரிய வித்தியாசம் இல்லை என்பதே நல்ல செய்திதான், மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இன்னொரு வழி திறக்கிறது. ஆனால் அது மனச்சோர்வுக்கு, எட்டு வாரத்துக்கு, மருத்துவர் கண்காணிப்போடு. பத்து நாள் மௌனத்துக்குப் பின் தானாக விடுவது இதில் சேராது.

எல்லா இடத்திலும் இது பலிக்கிறது என்றும் இல்லை. பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் செய்த பெரிய ஆய்வு 2022-இல் முடிந்தபோது, வழக்கமான பாடங்களைவிட மைண்ட்ஃபுல்னெஸ் பாடத்தால் மனநலம் மேம்பட்டதாகத் தெரியவில்லை.

தியானம் தீங்கே செய்யாது என்ற பேச்சையும் நம்பாதீர்கள். 2020-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, தியானம் செய்தவர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குப் பாதகமான விளைவுகள் பதிவானதைக் கண்டது. அவற்றில் அதிகம் பேசப்பட்டவை பதற்றமும் மனச்சோர்வும்தான். இதைச் சொன்னால் பௌத்தத்தை இழிவுபடுத்துவதாகச் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். பௌத்த நூல்களே இதை மறைக்கவில்லை. வைசாலியில் பிக்குகள் உடலின் அருவருப்பைத் தியானித்து, தம் உடலையே வெறுத்து, பலர் உயிரை மாய்த்துக்கொண்டதாகவும், அரை மாதத் தனிமையிலிருந்து வெளியே வந்த புத்தர் கூட்டம் குறைந்திருப்பதைக் கண்டு காரணம் கேட்டு, அதன்பின் மூச்சுத் தியானத்தைக் கற்றுத் தந்ததாகவும் சம்யுத்த நிகாயம் சொல்கிறது. ஒருவருக்கு ஒவ்வாத தியானப் பொருளை மாற்ற வேண்டும் என்ற அறிவு அவ்வளவு பழையது.

முகாம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இப்போது வேண்டாம். மௌனமாக இருப்பதோ காலை 4 மணிக்கு எழுவதோ உங்களால் முடியாது என்பதற்காகச் சொல்லவில்லை. அங்கே முதல் மூன்று நாளும் மூச்சு ஒன்றுதான் பயிற்சி, ஒரு நாளைக்கு ஏறக்குறைய பத்து மணி நேரம். எந்த இடத்தில் உங்களுக்கு மூச்சு முட்டுகிறதோ அதே இடத்தில், 20 நிமிடத்துக்குப் பதிலாகப் பத்து மணி நேரம். ஆசிரியரையும் நிர்வாகியையும் தவிரப் பேச ஆளில்லை, எழுத அனுமதியில்லை, எழுந்து வீட்டுக்கு ஓட மனம் வராது. விண்ணப்பப் படிவத்தில் மனநலச் சிகிச்சை பற்றியும் மாத்திரை பற்றியும் கேட்பார்கள். தங்கையின் அவசரத்துக்காக அதை மறைத்து எழுதாதீர்கள். உண்மையை எழுதினால், தள்ளிப்போடச் சொல்லி அவர்களே எழுதக்கூடும். தங்கையிடம் சண்டை வேண்டாம். அவருக்கு அது நன்மை செய்திருக்கிறது, அக்காவுக்கும் கிடைக்கட்டும் என்று நினைக்கிறார். பயிற்சி நிலைபெற்று, மருத்துவரும் சரி என்று சொன்ன பிறகு ஒரு நாள் அமர்விலிருந்து தொடங்குகிறேன் என்று சொல்லுங்கள்.

முகாமைவிட உங்களுக்கு ஏற்றது, வாரம் ஒருமுறை கூடும் எட்டு வார வகுப்பு, மனிதர் ஒருவர் எதிரே உட்கார்ந்து நடத்துவது. கபாட்-ஜின் வகுத்தபடி வாரத்துக்கு இரண்டரை மணி நேரம், வீட்டுப் பயிற்சி, இடையில் ஒரு முழுநாள் அமர்வு. வகுப்புகளின் இடைவெளியில் என்ன ஆயிற்று என்று கேட்கவும் மாற்றவும் ஆசிரியருக்கு நேரம் இருக்கும். செயலிக்குக் காது கிடையாது. ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை: சேர்த்துக்கொள்வதற்கு முன் உங்கள் உடல்நலம், மனநலம், பழைய அதிர்ச்சிகள் பற்றித் தனியாகக் கேட்கிறாரா என்று பாருங்கள். எதுவும் கேட்காமல் பணம் வாங்கிச் சேர்த்துக்கொள்பவரிடம் போகாதீர்கள். நோய் தீரும் என்று வாக்குக் கொடுப்பவரிடமும்.

அதுவரை வீட்டில் என்ன செய்யலாம்? 20 நிமிடத்தைப் பத்தாகக் குறைத்து, உட்காருவதை நடையாக மாற்றுங்கள். அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, கண் திறந்தபடி, வழக்கத்தைவிடச் சற்றே மெதுவாக. குதிகால் படுவது, பாதம் அழுந்துவது, எடை மறுகாலுக்கு மாறுவது, இவ்வளவுதான் கவனிக்க வேண்டியது. மூச்சு தன் போக்கில் இருக்கட்டும். மனம் நாளைய வேலைக்குப் போய்விட்டால், போய்விட்டது என்று தெரிந்ததே பயிற்சி. பர்மியத் துறவி மகாசி சயாதோ சொல்லித் தந்த வழியில் அதற்கு மனத்துக்குள் ஒரு சிறிய பெயர் வைக்கலாம்: "திட்டம்", "கவலை", "நினைவு". பெயர் வைத்துவிட்டுப் பாதத்துக்குத் திரும்புங்கள். முப்பது முறை போனால் முப்பது முறை திரும்புங்கள். அதை முப்பது தோல்வி என்று எண்ணும் பழக்கம் உங்களுக்கு இருப்பதாகத் தெரிகிறது. முப்பது முறையும் செய்யவேண்டியதைச் செய்திருக்கிறீர்கள்.

பகலில் இரண்டு மூன்று முறை, ஒரு நிமிடம் மட்டும், காதில் விழும் ஒலிகளைக் கேளுங்கள். இது என்ன ஒலி என்று ஆராய வேண்டாம். ஒலியை நாம் நடத்த முடியாது, வருவதும் போவதும் அதன் பாடு. அதனால்தான் உங்களுக்கு அதைத் தருகிறேன். கூடவே கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஒவ்வொன்றும் வரும்போது அது பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா, இரண்டுமில்லையா என்பது. நான்கு களங்களில் இரண்டாவதான நுகர்வு என்பது இதுதான். மின்னஞ்சல் வந்த ஓசை கேட்டதும் வயிறு சுருங்குகிறதே, அந்தச் சுருக்கத்துக்கும் கை கைப்பேசிக்குப் போவதற்கும் நடுவில் ஒரு சிறு நேரம் இருக்கிறது. அந்த இடைவெளி ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால், இந்தப் பயிற்சி எதற்கு என்று யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியிருக்காது.

பயிற்சியின் நடுவே பயம் மேலிட்டால் தாக்குப்பிடிக்க முயலாதீர்கள். நில்லுங்கள், சுவரில் கையை அழுத்துங்கள், கண்ணில் படும் பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள், தேவையானால் அன்றைக்கு முடித்துக்கொள்ளுங்கள். சில வாரம் கழித்து மூச்சுக்குத் திரும்ப விரும்பினால், வயிற்றின்மேல் கை வைத்து அது எழுந்து தாழ்வதை மட்டும் சிறிது நேரம் பாருங்கள். எண்ணிக்கை உதவும் என்று தோன்றினால் எண்ணலாம். விசுத்திமக்கம் ஐந்துக்குக் குறையாமல், பத்துக்கு மிகாமல் எண்ணச் சொல்கிறது. ஐந்துக்குள் நிறுத்தினால் இடம் போதாமல் மனம் நெருக்கப்படுமாம், பத்தைத் தாண்டினால் மூச்சை விட்டுவிட்டு எண்ணையே பிடித்துக்கொள்ளுமாம். கணக்கர்களுக்கு இரண்டாவது ஆபத்து அதிகம்.

மாலையில் தூங்கி விழுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புத்தரின் தலைமைச் சீடர்களில் ஒருவரான மொக்கல்லானரே உட்கார்ந்தபடி தூங்கி விழுந்திருக்கிறார். அவருக்குப் புத்தர் வரிசையாக வழி சொன்னதை இன்னொரு உரைத் தொகுப்பான அங்குத்தர நிகாயம் குறித்து வைத்திருக்கிறது. தூக்கம் வரவைத்த எண்ணத்தை விடு, போகாவிட்டால் கற்ற அறத்தை நினைத்துப் பார், வாய்விட்டு ஓது, காது மடலை இழு, உடலைத் தேய், எழுந்து கண்ணைக் கழுவி நட்சத்திரங்களைப் பார், வெளிச்சத்தை மனத்தில் நிறுத்து, முன்னும் பின்னும் நட. அதற்கும் போகாவிட்டால் வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்துத் தூங்கு, விழித்ததும் எழு. பகல் முழுவதும் வேலை பார்த்து இரவில் சரியாக உறங்காத உங்களுக்கு நடுவில் உள்ளவை அவசியமில்லை. பயிற்சியைக் காலைக்கு மாற்றிக்கொண்டு, மாலையில் கண் சொருகினால் படுக்கை நேரத்தை முன்னால் கொண்டுவாருங்கள். அப்படியும் நடு இரவில் விழிப்பு வந்து நெடுநேரம் கிடக்க வேண்டியிருந்தால், அதற்கென்றே பேச்சுவழிச் சிகிச்சை இருக்கிறது. தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக இன்று மருத்துவர்கள் பரிந்துரைப்பது அதைத்தான். அடுத்த முறை உங்கள் மருத்துவரைப் பார்க்கும்போது மாத்திரை அளவோடு சேர்த்து அதையும் கேளுங்கள்.